நான் டயர் ஆன கதை

1

ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் முதல் வரியில் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவார்கள். எனக்கு அந்தப் பொய் வரவில்லை. நம்மூர் வாசகசாலை மலருக்குக் கடல் கடந்தவர்கள் எழுத வேண்டும் என்று ஊரிலிருக்கிற என் சித்தப்பா மகன் கேட்டு மாதக்கணக்காகிறது. ரப்பர் தோட்டத்து அழகு, மலாய்க்காரர் பழக்கவழக்கம், பழ வகைகள் என்று எழுதச் சொல்லியிருந்தான். டுரியான் பழத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் என் அசதியைப் பற்றி எழுதுகிறேன்.

என் இடது மார்பை அறுத்து எடுத்து நேற்றோடு ஒரு வருடம். வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை. காலையில் ரவிக்கை மாட்டும்போது நான்தான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பழந்துணியைச் சுருட்டி வைத்துத்தான் கொக்கி போடுகிறேன். இல்லாவிட்டால் சேலை நிற்காமல் சரிந்துவிடுகிறது.

என் பெயர் அஞ்சலை. துறையூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். மலாயாவில் நெகிரி செம்பிலானில், தம்பின் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறேன். வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பட்டையைக் கத்தியால் சீவிப் பால் வடியவிடுவதைத்தான் இங்கே வெட்டு என்கிறோம். வீட்டுக்காரர் முனியாண்டிக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. ஒரே மகள் தனம், பதினாலு வயது, தம்பினில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, பத்திரிகை வந்தால் நான்தான் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவேன். கொஞ்சம் வாய் நீளம். நீளமாக இருந்தது என்று எழுத வேண்டும். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது இந்த வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கை மரத்துப்போகிறது. மீதியைப் படுத்து எழுந்து எழுதுகிறேன்.

2

அறுத்த புண் ஆறியதும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் கரண்டு வைத்தார்கள். கரண்டு என்று நாங்கள்தான் சொல்கிறோம். ஒரு பெரிய எந்திரத்துக்குக் கீழே படுக்கப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒன்றுமே தெரியாது. சுடாது, குத்தாது. அப்புறம் சில நாளில் தோல் அடுப்பங்கரைச் சுவர் மாதிரிக் கறுத்து உரியும்.

போகிற ரயிலில் பயம். தண்டவாளத்தைக் காட்டுக்காரர்கள், அதாவது சர்க்காரை எதிர்த்துக் காட்டில் இருந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகள், பெயர்த்திருக்கிறார்களா என்று பார்க்க எங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு சோதனை வண்டி ஓடும். அது கவிழாவிட்டால் நாங்கள் போகலாம். போகும்போது அப்படிப் பயந்தவள், கரண்டு வைத்துத் திரும்பும்போது, கவிழ்ந்தால் கவிழட்டும், எழுந்து உட்காரச் சொல்லாமல் இருந்தால் சரி என்று படுத்திருந்தேன்.

டாக்டர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். தினமும் வந்து ஒரே கேள்வி கேட்பார். வார்டில் வேலை செய்த தமிழ் ஆயாதான் எனக்குச் சொல்வாள்.

"வலி இருக்கான்னு கேக்குறாரு."

"வலி இல்ல. அசதியா இருக்குன்னு சொல்லு."

ஆயா ஏதோ சொல்வாள். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார்.

"என்னாடி சொன்ன?"

"வலி இல்லையாம், நல்லா இருக்காங்களாம்னு சொன்னேன்க்கா. அசதிக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது."

இப்படியாக நான் நன்றாக இருக்கிறேன் என்று சிங்கப்பூரில் எழுதியாகிவிட்டது.

அசதி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேலை செய்த அலுப்பு வேறு. அது குளித்தால் பாதி போகும், படுத்தால் மீதி போகும். இது தூங்கி எழுந்ததும் முதலில் எழுந்து உட்கார்ந்திருக்கும். தலை வாரினால் பாதித் தலையில் உட்கார வேண்டும். அம்மியில் கை வைத்தால் குழவி என்னைத் தள்ளுகிறது. இவர் ஸ்டோரிலிருந்து வந்தால் சட்டையில் அடிக்கிற புளித்த ரப்பர் வாடையில் குமட்டும். சோறு எல்லாம் இரும்பு ருசி. பார்க்க வருகிறவர்கள் பேசப் பேச எனக்கு மூச்சு வாங்கும். பேசுவது அவர்கள், களைப்பது நான். இந்தக் கொடுமை எங்கேயாவது உண்டா?

தனம்தான் ஒரு நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, யு ஆர் டயர்ட்" என்றாள்.

"டயரா? நான் என்னா லோரியா?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். "அம்மா இன்னிக்கு டயர்", "பாதி டயர்", "இன்னிக்குப் பஞ்சர்". நாங்கள் வடிக்கிற பாலெல்லாம் எங்கோ சீமையில் டயராகிறது, இப்போது நானும் ஆகிவிட்டேன் என்று நானே சொல்லிச் சிரித்தேன்.

அவள் இங்கிலீஷ் எனக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. வீட்டுக்குள்ளே தமிழ் பேசுடி என்று கத்துவேன். அன்றைக்கு அவள் கேட்டாள்: "சரி, டயர்டுக்குத் தமிழ்ல என்னா?"

"அசதி."

"அசதின்னா?"

"உனக்கு எதுக்கு அது? உங்கிட்ட வரக்கூடாத சாமான்."

3

அசதி என்ற வார்த்தையை எனக்குக் கொடுத்தது ஊரில் என் அத்தை. அவளுக்கும் மார்பில்தான் கட்டி. கட்டுத்தறிக்குப் பக்கத்து அறையில் படுத்திருப்பாள். அறுக்கவில்லை, கரண்டு வைக்கவில்லை, வேப்பிலை அரைத்துப் போட்டார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனால், "அசதியா இருக்குடி, செம்பத் தூக்கி வாயில வெய்யி" என்பாள். காய்ச்சலும் இல்லை, காலும் கையும் நன்றாக இருக்கிறது, செம்பைத் தூக்க முடியாதாமே, நடிக்கிறாள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரை நினைத்தால் எல்லாருக்கும் கோயில் திருவிழா ஞாபகம் வருமாம். எனக்கு அந்தச் செம்புதான் வருகிறது.

ஆனால் ஒன்று. அத்தையை யாரும் வேலைக்கு எழுப்பவில்லை.

இங்கே அப்படி இல்லை. லயத்தில் வீடு வேண்டுமானால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்குப் போக வேண்டும் என்று கணக்கு. ஸ்டோருக்கு இவர், வெட்டுக்கு நான்; எனக்கென்று ஒதுக்கின மர வரிசைக்கு நிரை என்று பேர். காலையில் பெரட்டு என்று ஆள்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு மாதம் என் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டார்கள். அப்புறம் எங்கள் மண்டோர் ராக்கப்பன் வாசலில் வந்து நின்றார். மண்டோர் என்றால் வெட்டுக்காரர்களுக்கு மேலாள். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

"தங்கச்சி, ஓன் நெரய எத்தன நாளு அடுத்த ஆளு வெட்டுறது? புண்ணு ஆறிப்போச்சுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரே சொல்றாரு."

"புண்ணு ஆறிடுச்சுண்ணே. ஒடம்பு எந்திரிக்கல."

"காய்ச்சல் இருக்கா? இல்ல. வலி இருக்கா? இல்ல. அப்ப நான் தொரைக்கிட்ட என்னான்னு சொல்றது? மாலாஸ்னு சொல்லுவான்."

மாலாஸ் என்றால் மலாயில் சோம்பேறித்தனம். பழைய அஞ்சலையாக இருந்தால் அந்த வார்த்தைக்கு மண்டோர் என் வாசலிலிருந்து சும்மா திரும்பிப் போயிருக்க மாட்டார்.

"இல்லன்னா வுடு," என்றார். "தனம்தான் வளந்துடுச்சில்ல. அது பேரப் போட்டுடலாம். வீடு கையவிட்டுப் போகாது."

அவ்வளவுதான். அடுத்த நாள் பெரட்டில் நான் நின்றேன். இவர் வேண்டாம் என்றார், கையைப் பிடித்தார். நான் தனத்தின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து அவர் மேல் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அவள் கையில் கத்தி ஏறக்கூடாது. இந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

4

வெட்ட முடிந்தது. ஆனால் தின்னாமல் முடியாது. ஒரு நேரத்தில் நாலு வாய்க்கு மேல் என் வயிறு வாங்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பால் மாதிரி ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று டிரசர் சொன்னார். டிரசர்தான் எங்கள் தோட்டத்து வைத்தியர். சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். ஏனென்றால் இங்கே அவசரகாலம்.

காட்டில் துப்பாக்கியோடு இருக்கிறவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று சர்க்கார் எங்கள் சோற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஒரே கேட். அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பொதுச் சமையலில் ஆக்கின சோறாக வாங்கிக்கொள்ள வேண்டும். கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரன் நம் கண்ணெதிரே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான். ஓட்டை போட்ட டின் காட்டுக்குப் போய்ச் சேருமுன் கெட்டுவிடுமாம். வீட்டிலும்தான் கெடுகிறது. டின் பாலை எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்துக் காப்பாற்றுவதே எனக்கு ஒரு வேலை. கேட்டைத் தாண்டி வெறும் தண்ணீர் மட்டும் போகலாம். ஒரு பருக்கை போனாலும் குற்றம். ஜெயிலில் போடலாம், கப்பலேற்றி ஊருக்கும் அனுப்பலாம்.

எனக்கு மட்டும் பால் கொண்டுபோக அனுமதி கேட்டோம். டிரசர் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணியைக் கேட்கச் சொன்னார். கிராணி துரையைக் கேட்டார். துரை போலீசைக் கேட்கச் சொன்னார். போலீசில், டிரசர் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். டிரசர், போலீஸ் எழுதச் சொன்னால் எழுதுகிறேன் என்றார். நான் நடந்த நடைக்கு இன்னும் நாலு நிரை வெட்டியிருப்பேன்.

கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹலிமா என்ற மலாய்க்காரி வருவாள். நான் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், அவள் கை என் இடது பக்கம் வந்ததும் நின்றது. துணிச் சுருள் இல்லையா!

"அப்பா இனி?" என்றாள். இது என்ன என்று அர்த்தம்.

"சூசு," என்றேன். "சூசு சாகிட். பொத்தோங்." மார்பு, நோய், அறுத்தாச்சு. எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

மலாயில் மார்புக்கும் சூசுதான், குடிக்கிற பாலுக்கும் சூசுதான். மரத்துப் பாலைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். கேட்டில் துப்பாக்கியோடு நின்ற கான்ஸ்டபிள் மாட் காதில் சூசு மட்டும் விழுந்துவிட்டது.

"சூசு? மானா சூசு?" பால் எங்கே, பால் எங்கே என்று ஓடி வருகிறான்.

ஹலிமா திரும்பி, "சூசு ஓராங் லா, போடோ!" என்று ஒரு சத்தம் போட்டாள். மனுஷி மார்புடா, மடையா! வரிசை முழுக்கச் சிரித்தது. மாட் முகம் சிவந்து போய்விட்டான். நானும்தான் சிரித்தேன். நிரைக்குப் போய் முதல் மரத்தில் கத்தி வைத்தபோது அழுகை வந்தது. என் உடம்பில் இல்லாத ஒன்றை வைத்து ஒரு லயமே சிரித்துவிட்டதே என்று இருந்தது. அன்றைக்குப் பாதி நிரையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து வேரில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிரைக்காரி மீதியை வெட்டித் தந்தாள்.

வேரில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. இனிமேல் அந்தப் பக்கம் யாரும் கை வைக்கப்போவதில்லை.

5

மருந்துக் குப்பி ஒன்று. டின் பாலை வெந்நீரில் கரைத்து ஊற்றி, அதன் வாயில் ஒட்டுப்பாலை, அதாவது காய்ந்த மரப்பாலை, உருட்டி அடைத்து, துணிச் சுருளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டேன். ஹலிமா வலது பக்கம் தடவுவாள், இடுப்பைத் தடவுவாள், இடது பக்கம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு, "பெர்கி" என்பாள். போ. நான் போவேன்.

நிரையில் நாலைந்து மரத்துக்கு ஒரு தரம் குப்பியை எடுத்து ஒரு மடக்கு. அது தொண்டையில் இறங்குவது கால் வரைக்கும் தெரியும். முழு நிரையும் வெட்டிப் பால் எடுத்து வாளியோடு திரும்பியிருக்கிறேன். மண்டோர், "பாத்தியா தங்கச்சி, எந்திரிச்சா எல்லாம் சரியாப்போச்சு" என்றார். வீட்டுக்கு வந்து பிணம் மாதிரி விழுவேன். யாரோடும் பேச்சில்லை, சிரிப்பில்லை, பத்திரிகை படிப்பதில்லை. இதையும் உயிரோடு இருப்பது என்றுதான் சொல்ல வேண்டுமாம். இருக்கட்டும், தனம் பஸ் ஏறுகிறாளே.

போன மாதம் ஒரு நாள் கேட்டில் வரிசை நகரவில்லை. முன்னால் யார் மடியிலோ வெல்லக்கட்டி அகப்பட்டு விசாரணை. நான் நின்றேன். நின்றேன். கால் இரண்டும் என்னுடையது இல்லை என்பது போல ஆயிற்று. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்து கேட் தூணில் சாய்ந்தேன். சாய்ந்தபோது இடது பக்கம் அழுந்தியது.

வெதுவெதுப்பாக இறங்குவது எனக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். சேலை நனைந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மாட்தான் முதலில் பார்த்தான். "சூசு," என்றான். இந்தத் தடவை கத்தவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டி வழிகிறது என்று நினைத்துவிட்டு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹலிமா திருப்பவில்லை. அந்தப் பக்கம் மார்பே இல்லை என்று அந்தக் கேட்டில் காவல் நின்றவர்களில் அவளுக்குத்தான் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் பிள்ளைகள் உண்டு, சம்பளம் உண்டு, பின்னால் எல்லாவற்றையும் கண்காணித்தபடி ஒரு சார்ஜெண்ட் நின்றுகொண்டிருந்தார். கையை உள்ளே விட்டுக் குப்பியை எடுத்தாள். எடுக்கும்போது, "மாஆஃப், காக்கா" என்றாள். மன்னிச்சுக்க, அக்கா. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். உண்டு.

ஸ்டேஷனில் மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். "பால்னு எழுதியிருக்கு. எந்தப் பாலும்மா? மரத்துப் பாலா, தாய்ப் பாலா?"

"குடிக்கிற டின் பாலு."

"யாருக்கு?"

"எனக்கு."

"உனக்குப் பின்னால காட்டுல யார் இருக்கான்னு ஐயா கேக்குறாரு."

எங்கிருந்தோ பழைய வாய் வந்துவிட்டது. "எனக்குப் பின்னால யாரும் இல்லைங்க. முன்னாலதான் ஒரு பக்கம் இல்ல. வேணும்னா ஐயாவ வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

துரை வந்து பேசினார். ஜெயில் இல்லை, கப்பல் இல்லை. எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் உடம்பு சரியாகிவிட்டது என்று சிங்கப்பூர் டாக்டர் எழுதித் தரும்வரை வேலைக்கென்று நான் கேட்டைத் தாண்டக்கூடாது. நல்ல ஓய்வு என்றார் டிரசர். என் பேர் போனால் என் நிரைக்கு எந்தப் பேர் வரும் என்று அவருக்குத் தெரியாதா?

6

எழுதி முடிக்க இத்தனை நாளாகிவிட்டது. இரண்டாம் தடவை கரண்டு வைக்க வரச் சொல்லிச் சிங்கப்பூரிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போக மாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். போன தடவை வைத்த கரண்டின் அசதியே இன்னும் இறங்கவில்லை. இன்னொன்றை எதற்காக ஏற்றிக்கொள்ள வேண்டும்? இருக்கிற நாளில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேனே. இவர் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை தனம் என் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, என் வாளியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். இரண்டு மாதம்தான், அப்புறம் பள்ளிக்கூடம் போய்விடலாம் என்று இவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இடம் அதுவரை காத்திருக்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். "பரவாலம்மா," என்றாள். ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வரவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தாள். புறங்கையெல்லாம் பால் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. தலைத்துணியை அவிழ்க்காமல் அப்படியே தரையில் சாய்ந்தாள். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று, "என்னாடி, டயரா? பஞ்சரா?" என்றேன்.

"இல்லம்மா." கண்ணைத் திறக்கவில்லை. "அசதியா இருக்கு. இப்பதான் தெரியுது, நீ சொன்னது."

டின்னில் மிச்சம் இருந்ததைக் கரைத்துக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் இவர் ஸ்டோரிலிருந்து வந்ததும், சிங்கப்பூர் ரயிலுக்குச் சொல்லச் சொன்னேன். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறுபடி கரண்டு வெச்சா இன்னும் அசதியாயிடுமே அஞ்சல?"

"ஆவட்டும். அதுக்கப்புறம் டாக்டர் சீட்டோட எந்திரிச்சேன்னா அவ கையில இருக்கிற கத்திய வாங்கிடுவேன். இந்த வீட்டுல அசதிங்கிற சாமான் எனக்கு மட்டும் இருந்தாப் போதும்."